நிற்கக் கூடாது, சரி. எங்கே நிற்பது?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? காகித வியாபாரிகளின் தெரு. உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கான அட்டை அநேகமாக அங்கிருந்துதான் அச்சகத்துக்குப் போயிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. தும்பிக்கை வைத்ததல்ல. டாடா ஏஸ். 2005-ல் அந்த வண்டி சந்தைக்கு வந்தது. கொஞ்ச நாளிலேயே நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர் இதுதான். உள்ளே நாற்பது காகிதக் கட்டுகள். இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். முதல் கட்டு தோளுக்கு ஏறுவதற்குள் பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. ஓர் ஆட்டோ, அதன் பின்னால் நாலைந்து பைக், அதற்கும் பின்னால் ஒரு மீன்பாடி வண்டி. தெரு அடைத்துக்கொண்டது.

'போர்டு கண்ணுக்குத் தெரியலையா?' என்று பைக்கில் இருந்தவர் கத்தினார். வண்டி நிறுத்தக் கூடாது என்று போர்டு இருந்தது வாஸ்தவம்தான்.

டிரைவர் கோபப்படவே இல்லை. 'தெரியுது சார். நிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க. எங்க நிக்கணும்னு ஒரு போர்டு காட்டுங்க, அங்க போய் நிக்கறேன்' என்றார்.

பைக்காரரிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் இப்படிக் கேட்ட முதல் வண்டிக்காரர் இவராக இருக்க முடியாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் ஒரு மாட்டுவண்டிக்காரரும் இதையே கேட்டிருப்பார். அவருக்கு நகரம் சொன்ன பதிலை வெண்கலத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஆரம்பிப்போம்.

*

தெற்கு இத்தாலியில் ஹெராக்லியா என்ற பழைய கிரேக்க ஊர் இருந்த இடத்துக்கு அருகே 1732-ல் வெண்கலப் பலகைகள் கிடைத்தன. ஒரு பக்கம் கோயில் நிலங்களைப் பற்றிய கிரேக்க எழுத்து. அது பழசு. பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது, வீணாக்குவானேன் என்று பிற்காலத்தில் யாரோ அதில் ரோமாபுரியின் நகர விதிகளை லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45 வாக்கில் கொண்டுவந்த சட்டம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். முழுக்க சீசருடையதுதானா, பல சட்டங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததா என்று அறிஞர்களுக்குள் சண்டை. நமக்கு அது வேண்டாம்.

உள்ளே இருப்பது பெரிய தத்துவமெல்லாம் இல்லை. கார்ப்பரேஷன் சமாசாரம். இலவச தானியம் வாங்குகிறவர்கள் பட்டியல். வீட்டு வாசலில் இருக்கும் தெருவை வீட்டுக்காரரே செப்பனிட வேண்டும் என்று ஒரு விதி. செய்யாவிட்டால் நகர அதிகாரி கான்ட்ராக்ட் விட்டு வேலையை முடித்து, செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டலாம். நல்லவேளை, நம் ஊரில் யாரும் அந்தப் பலகையைப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வண்டி வருகிறது. வருகிற ஜனவரி 1-ம் தேதி முதல் அமல் என்று தேதியோடு சொல்லிவிடுகிறார்கள். ரோம் நகரில், வீடுகள் இருக்கும் பகுதிக்குள், சூரிய உதயத்திலிருந்து பகலின் பத்தாவது மணி வரை எவரும் பாரவண்டி ஓட்டக்கூடாது. ரோமானியர்கள் உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரிப்பவர்கள். பத்தாவது மணி என்றால் நம் கணக்கில் பிற்பகல் மூன்று, நாலு மணி. அதற்கு மேல் வரலாம். ராத்திரி முழுக்க ஓட்டலாம். விடிந்தால் கூடாது.

சட்டம் போட்டால் விதிவிலக்கும் போட்டாக வேண்டுமே? அந்தப் பட்டியலைப் படித்தால் நம்மூர் அரசாணைதானோ என்று சந்தேகம் வந்துவிடும். தேவர்களுக்குக் கோயில் கட்டுகிற சாமான் பகலில் வரலாம். அரசாங்கக் கட்டட வேலைக்கு வரலாம். அரசாங்க கான்ட்ராக்டில் இடித்த கட்டடத்தின் இடிபாட்டை வெளியே கொண்டு போகலாம். திருவிழா நாளில் வெஸ்டா தேவதையின் கன்னிப் பூசாரிகளும் மற்ற பூசாரிகளும் வண்டியில் போகலாம். வெற்றி ஊர்வலத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் தடை கிடையாது. ராத்திரி வந்த வண்டி விடிந்த பிறகும் ஊருக்குள் மாட்டிக்கொண்டுவிட்டால்? காலியாகத் திரும்பலாம். அல்லது சாணத்தை ஏற்றிக்கொண்டு வெளியே போகலாம். அதைக்கூட யோசித்திருக்கிறார்கள்.

இத்தனை யோசித்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். உள்ளே வந்த வண்டி எந்த இடத்தில் நின்று சரக்கை இறக்குவது? நமக்குக் கிடைத்திருக்கும் பகுதியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போது வரக்கூடாது என்று தெரிகிறது. எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அப்போதைய ரோமின் மக்கள்தொகை பத்து லட்சத்தை நெருங்கியது என்பது பொதுவான மதிப்பீடு. அத்தனை வயிற்றுக்குமான கோதுமை, எண்ணெய், திராட்சை ரசம், விறகு எல்லாம் சந்துகளுக்குள் புகுந்துதான் வரவேண்டும். பகலில் நடப்பவர்களுக்கு நிம்மதி. ராத்திரி? இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கல் பாவிய தெருவில் உருளும் சத்தத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு வண்டிகள் ஒரு முடுக்கில் எதிரெதிரே வந்துவிட்டால் வண்டிக்காரர்கள் பரிமாறிக்கொள்ளும் வார்த்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 150 வருஷம் கழித்து ஜுவெனல் என்ற கவிஞர் இதைப் பற்றிப் புலம்பித் தீர்த்திருக்கிறார். அந்த ஊரில் தூங்குவதற்கே நிறையப் பணம் வேண்டுமாம். வசதியானவர்களின் வீடு தெருவை விட்டுத் தள்ளி, முற்றம் தோட்டம் என்று உள்ளடங்கி இருக்கும். தெருவை ஒட்டிய அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருந்தவர்கள் ஏழைகள். பகலில் இருந்த நெரிசலை எடுத்து இவர்கள் காதில் போட்டுவிட்டது சட்டம்.

நெரிசல் குறைந்ததா என்றால், குறைந்தது. அதற்கான பில் வேறு விலாசத்துக்குப் போனது. இந்த விவகாரத்தில் நகரங்கள் எழுதிய பெரும்பாலான விதிகளைப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் அந்த விதிகளைத் திரும்ப எடுத்துத் திருத்தவேண்டி வருகிறது.

*

அந்த பில்லை லண்டன் நேரெதிர் விலாசத்துக்கு அனுப்பியது. கிரேட்டர் லண்டன் கவுன்சில் 1985-ல் ஓர் உத்தரவு போட்டது. மக்கள் தூங்கவேண்டும். ஆகவே கனரக லாரிகளுக்கு ராத்திரியிலும் வார இறுதியிலும் லண்டனின் பெரும்பாலான தெருக்களில் தடை. 18 டன்னுக்கு மேற்பட்ட லாரியாக இருந்தால் பர்மிட் வேண்டும், சொன்ன வழியில்தான் போகவேண்டும். உத்தரவு போட்ட கவுன்சிலையே மார்கரெட் தாட்சர் அரசு 1986-ல் கலைத்துவிட்டது. உத்தரவு மட்டும் கலையவில்லை. லண்டனின் உள்ளாட்சிகள் அதை எடுத்து நடத்தின.

ஆக, சீசர் ஊரில் பகலில் வராதே. லண்டனில் ராத்திரி வராதே. கடையில் மட்டும் காலை எட்டு மணிக்கு ரொட்டி இருக்கவேண்டும்!

இந்த இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொண்டு முழித்தது நெதர்லாந்து. கடைத்தெருக்களில் மக்கள் நிம்மதியாக நடக்கவேண்டும் என்று ஊராட்சிகள் காலையில் சில மணி நேரம் மட்டும் வண்டிகளை உள்ளே விட்டன. ராத்திரி வரலாமென்றால் சத்தம் தொடர்பான விதிகள் குறுக்கே நின்றன. பகல் ஜன்னல் குட்டி, ராத்திரிக் கதவு பூட்டு. அத்தனை கடைக்கும் அத்தனை லாரியும் ஒரே காலையில் வந்து முட்டின.

1998-ல் அவர்கள் செய்த திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 'ராத்திரி வராதே' என்பதை விட்டுவிட்டு, 'ராத்திரி வா, ஆனால் இவ்வளவுதான் சத்தம் போடலாம்' என்று எழுதினார்கள். மாலை 7 முதல் இரவு 11 வரை 65 டெசிபல். 11 முதல் காலை 7 வரை 60 டெசிபல். ஏழரை மீட்டர் தள்ளி நின்று அளக்கவேண்டும். 60 டெசிபல் என்பது ஏறக்குறைய நாமிருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளும் சத்தம்.

சரக்கு இறக்கும்போது எங்கெல்லாம் சத்தம் வருகிறது என்று அப்போதுதான் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். லாரியின் தரைத் தகட்டில் சக்கரக் கூண்டு உருளும்போது. பின்கதவை அறைந்து மூடும்போது. லிஃப்ட் பலகை தரையைத் தொடும்போது. டிரைவர் கேட்கும் ரேடியோ. ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தியம் செய்தார்கள். தரைக்கு ரப்பர் பூச்சு, கூண்டுக்கு மெத்தென்ற சக்கரம், டிரைவருக்குப் பயிற்சி. அரசாங்கம் பணம் கொடுத்து ஊக்குவித்தது. கண்டுபிடிப்பு என்று பார்த்தால் பிரமாதமாக ஒன்றுமில்லை. விதி கடிகாரத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தது, கம்பெனிகள் பின்னால் ஓடி வந்தன. 2012 ஒலிம்பிக்ஸின்போது பகலில் சாலைகள் அடைபடும் என்று பயந்து, லண்டனே ராத்திரி டெலிவரிக்கு ஒரு நன்னடத்தைக் கையேடு தயாரிக்க வேண்டி வந்தது தனிக்கதை.

சரி, சத்தம் தீர்ந்தது. கடைக்காரர் ராத்திரியில் கதவைத் திறப்பாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நியூயார்க் பட்ட பாடு கொஞ்சமல்ல.

*

மன்ஹாட்டன் தெருக்களுக்கு 1811-ல் திட்டம் போட்டவர்கள் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்தார்கள். நெடுக்கே அவென்யூ, குறுக்கே தெரு. கட்டடங்களுக்குப் பின்னால் சந்து மட்டும் கிடையாது. சிகாகோவில் பின்சந்து உண்டு. குப்பை, சாமான், கரி எல்லாம் பின்வாசல் வழி. மன்ஹாட்டனில் எல்லாமே முன்வாசல். மாப்பிள்ளையும் அங்கேதான் இறங்கவேண்டும், மாட்டிறைச்சியும் அங்கேதான் இறங்கவேண்டும். பிற்பாடு லாரி வந்தபோது, நடைபாதை ஓரத்துக் கல்லை ஒட்டிய ஏழெட்டு அடி அகல இடத்துக்காக மொத்த ஊரும் மோதிக்கொண்டது.

'சரக்கு ஏற்றி இறக்க மட்டும்' என்று அங்கே போர்டு இருந்தது. நம் ஆண்டர்சன் தெரு டிரைவர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் போர்டு வைத்த இடத்தில் வந்து நின்ற லாரி நகரவில்லை! இடம் இலவசம். வேலை முடிந்த பிறகும் நிற்கலாம், சாப்பிடலாம், அடுத்த ஆர்டர் வரும் வரை கண்ணயரலாம். பின்னால் வந்த லாரி அதற்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை போட்டது. நடுச்சாலை அடைத்தது.

2000-ல் நகர நிர்வாகம் மிட்டவுன் பகுதியில் ஒரு காரியம் செய்தது. லாரிகள் நிற்கும் இடத்துக்கு மீட்டர் வைத்தது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 2 டாலர். இரண்டு மணி நேரத்துக்கு 4 அல்ல, 5 டாலர். மூன்று மணி நேரத்துக்கு 9. நேரம் ஆக ஆக விலை வேகமாக ஏறும். வழக்கமாக நாம் அதிகம் வாங்கினால் தள்ளுபடிதானே கேட்போம்? இங்கே தலைகீழ். நகரப் போக்குவரத்துத் துறையின் கணக்குப்படி, சராசரியாக 160 நிமிஷம் நின்றுகொண்டிருந்த வண்டி 45 நிமிஷத்தில் கிளம்ப ஆரம்பித்தது. ஓர் அடி இடம்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்த இடமே மூன்று மடங்குக்கு மேல் பெருகியமாதிரி ஆகிவிட்டது.

கைதட்டிவிட்டு எழுந்து போக முடியாது. அதே நகரம் அபராத விஷயத்தில் செய்ததையும் பார்க்கவேண்டும். பெரிய கூரியர் கம்பெனிகளின் லாரிகளுக்கு நாள் முழுக்க சலான் விழுந்தபடி இருக்கும். ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர். அவர்கள் அதற்கென்றே ஆள் வைத்து ஒவ்வொரு சலானையும் எதிர்த்து வாதாடினார்கள். நகரத்துக்கு அலுத்துப்போனது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். 'வாதாட மாட்டேன் என்று எழுதிக் கொடு, அபராதத்தில் தள்ளுபடி தருகிறேன்.' சில வகை மீறல்களுக்கு அபராதம் பூஜ்யம். சலான் எழுதிவிட்டு அதில் சைபர் போடுவது!

காமர்ஸ் படித்த எனக்கு இது வேறு மாதிரி உறுத்துகிறது. நம் வருமான வரிச் சட்டம், சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய அபராதத்தை வியாபாரச் செலவாக ஒப்புக்கொள்வதில்லை. தப்புக்குத் தண்டனை, அது செலவுக் கணக்கில் வரக்கூடாது என்பது தாத்பர்யம். நியூயார்க் அதை மாதாந்தர வாடகை மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டது. ஆயிரம் லாரி வைத்திருப்பவருக்கு ஒப்பந்தம் லாபம். ஒரே ஒரு வேன் வைத்துப் பூ விற்கிறவருக்கு? எழுதப் படிக்க நேரமில்லாமல் முழு அபராதத்தையும் கட்டிவிட்டுப் போவார். ரோமில் விடுபட்டவன் மாடியில் தூங்காமல் கிடந்தான். இங்கே விடுபட்டவர் பூ வேன்காரர்.

இப்போது ராத்திரிக் கேள்விக்கு வருவோம். நியூயார்க்கின் பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் பார்த்துக்கொள்ளும் துறைமுக ஆணையம் 2001-ல் சுங்கக் கட்டணத்தை மாற்றியது. நெரிசல் நேரத்தில் அதிகம், ராத்திரி லாரிக்குக் குறைவு. எல்லா லாரியும் ராத்திரிக்கு ஓடிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பெரும்பாலானவை அசையவில்லை.

ஏன் என்று ஆராய்ந்தவர் ரென்ஸலார் பாலிடெக்னிக்கின் பேராசிரியர் ஹொசே ஹோல்கீன்-வேராஸ். லாரிக்காரர்களிடம் கேட்டபோது விடை சுலபமாகக் கிடைத்தது. 'எப்போது வரவேண்டும் என்று முடிவு செய்பவர் நாங்களா? கடைக்காரர் சொல்கிற நேரத்துக்கு வருகிறோம்.' கடைக்காரருக்கோ சுங்கம் ஏறியதே தெரியாது. போட்டி அப்படி. கட்டணத்தை பில்லில் ஏற்றினால் வாடிக்கையாளர் வேறு லாரிக்குப் போய்விடுவார் என்று லாரிக்காரர் கையிலிருந்து கட்டினார்.

பி.காம் முதல் வருஷத்தில் 'கேரேஜ் இன்வர்ட்ஸ்' என்று ஒரு தலைப்பு வரும். வாங்கிய சரக்கு கடைக்கு வந்து சேர ஆன கூலி. வியாபாரக் கணக்கில் பற்றுப் பக்கம் எழுதவேண்டும். மார்க் வாங்குவதற்காக மனப்பாடம் செய்தோம். அந்த ஒரு வரியை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதில்தான் தெரு அடைபடுவதும் அடைபடாததும் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஹோல்கீன்-வேராஸ் லாரிக்காரரை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் போனார். 2009, 2010-ல் மன்ஹாட்டனில் 33 பேர் கலந்துகொண்ட ஒரு பரிசோதனை நடந்தது. சாயங்காலம் 7 முதல் காலை 6 வரைக்குள் சரக்கு வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டால் கடைக்குப் பணம். பகலில் நடைபாதை ஓரத்தில் 100 நிமிஷம் நின்ற லாரி ராத்திரியில் 30 நிமிஷத்தில் வேலையை முடித்தது. டிரைவர்களுக்குச் சந்தோஷம். சலான் இல்லை, திட்டு இல்லை.

பரிசோதனை முடிந்தது. பணமும் நின்றது. கணிசமான கடைகள் மறுபடி பகலுக்கே திரும்பிவிட்டன. ராத்திரி ஆளை உட்கார வைத்தால் சம்பளம் யார் தருவது? தொடர்ந்து ராத்திரியில் வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? டிரைவரிடம் கடைச் சாவியைக் கொடுத்தவர்கள். டிரைவரே திறந்து, இறக்கி வைத்து, பூட்டிக்கொண்டு போய்விடுவார். எந்த அரசாங்கமும் இதை விதியாக எழுத முடியாது.

2019-ல் நியூயார்க் அடுத்த திருத்தத்துக்கு வந்தது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சரக்கு இப்போது கடைக்குப் போகவில்லை, வீட்டுக்கு வருகிறது. குடியிருப்புத் தெருக்களிலும் லோடிங் ஸோன் ஒதுக்க ஆரம்பித்தார்கள். என் கார் நிற்கும் இடம் போச்சே என்று சத்தம் போட்டவர்களின் வாசலிலும் பார்சல்கள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தன. 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் தெற்குப் பாதிக்குள் நுழையவே கட்டணம் வந்தது. பெரிய லாரிக்குப் பகலில் 21 டாலர் 60 சென்ட். ராத்திரி அதில் கால் பங்கு. கடைக்காரர் காதில் இந்த முறையாவது விழுமா என்பதுதான் ஹோல்கீன்-வேராஸ் கேட்கக்கூடிய கேள்வி.

*

நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் இந்தக் கதையின் ஒரு பெரிய அத்தியாயம் இருக்கிறது. கொத்தவால் சாவடி.

இரைச்சலாக இருக்கும் இடத்தைப் பார்த்து 'என்ன, கொத்தவால் சாவடி மாதிரி' என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரின் அர்த்தமே மறந்துவிட்டது. கொத்தவால் என்பது ஒரு உத்தியோகம். நகரக் காவலையும் சந்தையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அதிகாரி. அவர் உட்கார்ந்திருந்த இடம் சாவடி. அதாவது சரக்கு எங்கே இறங்கவேண்டும், எப்படி விற்கவேண்டும் என்று கவனிக்க ஓர் ஆள் இருந்த இடத்தின் பெயரைத்தான் நாம் ஒழுங்கில்லாத இடத்துக்கு உதாரணமாக வைத்திருக்கிறோம்.

காய்கறி லாரிகள் பெருகின. ஜார்ஜ் டவுன் தெருக்கள் பெருகவில்லை. கோயம்பேட்டில் 295 ஏக்கரில் புது மார்க்கெட் கட்டினார்கள். வியாபாரிகள் லேசில் கிளம்பவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வாடிக்கை, கைமாற்று, மூட்டை தூக்குகிறவர் முகம் எல்லாம் அந்தத் தெருக்களில்தான் இருந்தன. கடைசியில் 1996-ல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. குறிப்பிட்ட பொருள்களின் மொத்த வியாபாரம் இன்ன இடத்தில்தான் நடக்கவேண்டும் என்று சொல்லும் சட்டம். அந்த வருஷமே கோயம்பேடு வந்தது. லாரிகள் ராத்திரி வந்து சொந்த முற்றத்தில் நின்று இறக்கின. அந்த அளவுக்கு வெற்றி, சந்தேகமில்லை.

ஆனால் காகிதம் கிளம்பவில்லை. கண்ணாடி கிளம்பவில்லை. கெமிக்கல், பிளாஸ்டிக், இரும்பு, மின்சார சாமான் எதுவும் கிளம்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் 295 ஏக்கர் தேட முடியுமா? அந்தத் தெருக்களுக்கு நாம் வைத்திருக்கும் மருந்து ரோமாபுரியின் பழைய மருந்துதான். பகலில் கனரக லாரிகளுக்குத் தடை.

அதன் விளைவை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். பத்து டன் லாரி ராத்திரி வந்து ஊர் எல்லை கோடவுனில் இறக்குகிறது. காலையில் அந்தச் சரக்கு கடைக்கு வரவேண்டும். குட்டி யானை தாங்கும் எடை முக்கால் டன். பத்து டன்னுக்குப் பதினான்கு யானை. சட்டத்தை மதித்து ஏற்றினால்தான் இந்தக் கணக்கு. ஒரு லாரியைத் தெருவிலிருந்து விலக்கினோம். பதினான்கு வண்டிகள் வந்தன. அவற்றுக்கும் நிற்க இடம் சொல்லவில்லை.

சொல்வதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 115-வது பிரிவு, வண்டிகளைத் தடை செய்யும் அதிகாரம் தருகிறது. இரண்டு பிரிவு தள்ளி 117. வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று இடம் குறித்துக் கொடுக்க மாநில அரசுக்கோ அது அதிகாரம் அளித்தவருக்கோ உரிமை உண்டு என்கிறது அது. அந்தப் பகுதியின் உள்ளாட்சியைக் கலந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான். 115-ஐ நாம் தாராளமாகப் புழங்குகிறோம். 117-ஐக் கார் பார்க்கிங்குக்குப் புழங்குகிறோம். காரை விட்டுவிட்டு ஷாப்பிங் போகிறவருக்கு இடம் குறித்துக் கொடுக்கிறோம், அந்த ஷாப்பிங்குக்குச் சரக்கு கொண்டு வருகிறவருக்குக் கிடையாது.

ஆண்டர்சன் தெருவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். 'ராத்திரி சரக்கு வந்தா எடுத்துப்பீங்களா?' சிரித்தார். 'ஆள் யார் தங்கறது? ராத்திரி பேட்டா நீங்க குடுப்பீங்களா?' மன்ஹாட்டன் கடைக்காரர் சொன்ன அதே பதில்! 'டிரைவர்கிட்ட சாவி குடுத்துடுங்களேன்' என்றேன். அதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

'சரி, காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி?' கொஞ்சம் யோசித்தார். 'பக்கத்துக் கடையெல்லாம் திறந்தா நானும் திறப்பேன்' என்றார். தனியாகச் சீக்கிரம் திறப்பவருக்கு நஷ்டம். எல்லாருமாகத் திறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விதி எழுதுகிறவர்கள் முதலில் உட்காரவேண்டிய இடம் லாரி ஸ்டாண்டில் இல்லை, இவர் கடை வாசலில்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்தத் தெருவுக்கு இரண்டு வண்டி நீளத்துக்கு ஒரு மஞ்சள் கட்டம், அதில் இருபது நிமிஷம், அதற்கு மேல் நின்றால் ஏறிக்கொண்டே போகும் கட்டணம் என்று வைத்தால்கூடப் போதும். கட்டத்துக்குள் பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவரை என்ன செய்வது என்பதையும் கூடவே எழுதிவிடவேண்டும்.

குட்டி யானை டிரைவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். 'சலான் போட்டா யார் கட்டறது?' 'முதலாளி பாதி, நான் பாதி சார். மாசத்துல மூணாவது தடவைன்னா முழுசும் நான்தான்' என்றார்.

அன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நாற்பது கட்டு, இரண்டு பேர், பதினான்கு நிமிஷம். வண்டி கிளம்பியது. ஆட்டோவும் பைக்குகளும் நகர்ந்தன. மீன்பாடி வண்டி நகரவில்லை. அதிலும் காகிதம்தான் இருந்தது. யானை நின்ற அதே இடத்தில் போய் நின்று, இறக்க ஆரம்பித்தார்கள். பின்னால் ஹாரன் கேட்டது.